ஆர்க்டிக் ஏல்: 1852ஆம் ஆண்டின் ஸ்ட்ராங் ஏலை வீட்டில் மறுபடி காய்ச்சுவது எப்படி?

1845ஆம் ஆண்டு ஆர்க்டிக் கடலுக்குச் சென்று காணாமற்போன ஜான் பிராங்க்ளினையும் அவருடைய குழுவையும் தேடி, 1852ஆம் ஆண்டு சர் எட்வர்ட் பெல்ச்சரின் தலைமையில் பிரிட்டிஷ் கடற்படையின் ஐந்து கப்பல்கள் புறப்பட்டன. இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட்ஷயர் மாவட்டத்தில் டிரெண்ட் ஆற்றங்கரையில் இருக்கும் பர்ட்டன் நகரத்து ஆல்சாப் நிறுவனம் இந்தப் பயணத்துக்கென்றே தனியாகக் காய்ச்சிய ஏல் என்ற பீர் வகை, அந்தக் கப்பல்களில் ஏற்றப்பட்ட சரக்குகளுள் ஒன்று. கடுங்குளிரில் எளிதில் உறைந்துவிடாமலும், உடலுக்குச் சூடும் ஊட்டமும் தருவதாகவும் அது இருக்க வேண்டும் என்பதே எதிர்பார்ப்பு. வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோயை அது தடுக்கும் என்றும் அக்காலத்தவர் நம்பினார்கள். பீரில் வைட்டமின் சி இல்லை என்றே சொல்லிவிடலாம் என்பதால், அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை. 1875ஆம் ஆண்டு ஜார்ஜ் நேர்ஸின் ஆர்க்டிக் பயணத்துக்கும் ஆல்சாப் இதே வகை ஏலைக் காய்ச்சிக் கொடுத்தது. அந்தக் குழுவையும் ஸ்கர்வி கடுமையாகத் தாக்கியது.

இப்படிப்பட்ட பழைய ஏல் ஒன்றை வீட்டில் மறுபடி காய்ச்ச விரும்புபவர் முதலில் தேடுவது பொருள்களின் பட்டியலை. அந்தப் பட்டியல் கிடைத்தாலும் அதனால் கிடைக்கும் பயன் குறைவு. வெளிறிய மால்ட் (முளைகட்டி வாட்டிய பார்லி), கசப்பு தரும் ஹாப் பூ, தண்ணீர், ஈஸ்ட் என்று நான்கே வரிகளில் அது முடிந்துவிடும். அதே நான்கு பொருள்களிலிருந்துதான் ஆல்சாப் இந்தியாவுக்கு அனுப்பிய கசப்பான வெளிறிய ஏலும் பிறந்தது. இரண்டையும் பிரித்துக் காட்டுவது, காய்ச்சிய சாற்றில் தொடக்கத்தில் எவ்வளவு சர்க்கரை இருந்தது, அதில் எவ்வளவை ஈஸ்ட் உண்ணாமல் விட்டது, பிறகு எவ்வளவு காலம் அது பீப்பாயில் கிடந்தது என்ற மூன்று அளவுகள். இவற்றுள் முதல் இரண்டும் எண்களாகவே பீர் ஆலைகளின் பழைய பதிவேடுகளில் கிடைக்கின்றன. அந்த எண்களைப் படிக்கக் கற்றுக்கொள்வதே இக்கட்டுரையின் மையப் பொருள்.

தொடங்குமுன் சட்டத்தைப் பற்றி ஒரு சொல். பிரிட்டனில் வீட்டுத் தேவைக்காக உரிமமின்றி பீர் காய்ச்சுவது 1963 முதல் அனுமதிக்கப்பட்டிருக்கிறது. விற்கக் கூடாது என்பது மட்டுமே முக்கியமான கட்டுப்பாடு. தமிழ்நாட்டில் மதுவிலக்குச் சட்டத்தின்படி உரிமமின்றி வீட்டில் மது தயாரிப்பது குற்றம். ஆகவே கீழே உள்ள செய்முறை, அதற்கு அனுமதி உள்ள நாடுகளில் வாழும் வாசகர்களுக்கே பொருந்தும்; மற்றவர்கள் இதை வரலாறாகவும் கணக்காகவும் படிக்கலாம்.

பீர் எப்படி உருவாகிறது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். பார்லியை ஊறவைத்து முளைகட்டி, உலர்த்தி, இளஞ்சூட்டில் வாட்டினால் மால்ட் கிடைக்கிறது. அதை உடைத்து 66 அல்லது 67 பாகை செல்சியஸ் வெந்நீரில் ஊறவைத்தால், மால்ட்டிலேயே இருக்கும் நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கின்றன. வடித்தெடுக்கும் இனிப்பான சாற்றுக்கு வோர்ட் என்று பெயர். அதை ஹாப் பூவோடு கொதிக்கவைத்து, ஆறவைத்து, ஈஸ்ட் சேர்த்தால் சர்க்கரை சாராயமாகவும் கரியமில வாயுவாகவும் மாறுகிறது. அறை வெப்பத்தை ஒட்டிய சூட்டில் விரைவாக நொதிக்கும் ஈஸ்ட் வகையால் உருவாவது ஏல். குளிரில் மெல்ல நொதிப்பது லாகர்.

இனி அடர்த்திக்கு வருவோம். ஒரு லிட்டர் தண்ணீரின் எடை 1000 கிராம். அதே ஒரு லிட்டர் வோர்ட், அதில் கரைந்துள்ள சர்க்கரையின் அளவுக்கு ஏற்ப, கூடுதலாக எடை காட்டும். ஒரு லிட்டர் 1048 கிராம் இருந்தால் அந்த வோர்ட்டின் ஒப்படர்த்தி 1.048, பீர் காய்ச்சுபவர்கள் புள்ளியை விட்டுவிட்டு 1048 என்றே சொல்வார்கள். இன்று கடையில் கிடைக்கும் சாதாரண லாகரின் தொடக்க அடர்த்தி ஏறக்குறைய இதுதான்; அதில் லிட்டருக்கு 125 கிராம் அளவுக்குச் சர்க்கரை முதலான சாரம் கரைந்திருக்கும். ஆல்சாப்பின் ஆர்க்டிக் ஏலின் தொடக்க அடர்த்தியோ 1130ஐ ஒட்டியது. அதாவது லிட்டருக்கு ஏறக்குறைய 340 கிராம். கரண்டியில் எடுத்துப் பார்த்தால் அது விளிம்பில் மெதுவாக வழியும். விரலில் தொட்டால் பிசுபிசுக்கும்.

நொதித்தல் முடிந்ததும் அதே வோர்ட்டை மறுபடி அளந்தால் கிடைப்பது இறுதி அடர்த்தி. 1130இல் தொடங்கி 1040இல் நின்றதாக வைத்துக்கொள்வோம். 130 புள்ளிகளில் 90 புள்ளிகள் குறைந்திருக்கின்றன. ஏறத்தாழ 69 விழுக்காடு. குறைந்த புள்ளிகளை 0.131ஆல் பெருக்கினால் சாராயத்தின் அளவு கன விழுக்காட்டில் தோராயமாகக் கிடைக்கும்: 90க்கு ஏறக்குறைய 12. எஞ்சிய 40 புள்ளிகள் ஏலில் இனிப்பாகவும் கனமாகவும் தங்கிவிடுகின்றன. சாதாரண லாகரின் இறுதி அடர்த்தி 1010க்கு அருகில் இருக்கும் என்பதை நினைவில் வைத்தால், இந்த 40 எவ்வளவு பெரியது என்பது விளங்கும். ஆர்க்டிக் ஏல் உறையத் தயங்கியதற்கும் இந்த இரண்டுமே காரணம்: சாராயம் உறைநிலையைக் கீழே தள்ளுகிறது, எஞ்சிய சர்க்கரை அதை மேலும் கொஞ்சம் தள்ளுகிறது.

பழைய பதிவேடுகள் இந்த எண்களை இப்படி நேராகத் தருவதில்லை. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை பாகு பதம் பார்ப்பதுபோல நாக்கையும் விரலையும் நம்பித்தான் காய்ச்சினார்கள். 1784ஆம் ஆண்டு ஜான் ரிச்சர்ட்சன், திரவத்தில் மிதந்து அடர்த்தியைக் காட்டும் திரவமானியைப் பீர் தொழிலுக்கேற்ப விளக்கி எழுதிய பிறகே அளவெடுப்பது பரவலானது. அவர்கள் அளந்தது பீப்பாய்க் கணக்கில். ஒரு பீப்பாய் 36 காலன். ஒரு காலன் தண்ணீர் 10 பவுண்டு. ஆகவே ஒரு பீப்பாய்த் தண்ணீர் 360 பவுண்டு. ஒரு பீப்பாய் வோர்ட் அதைவிட எத்தனை பவுண்டு கூடுதலாக இருக்கிறதோ, அந்த எண்ணையே பதிவேட்டில் எழுதினார்கள். அதை 0.36ஆல் வகுத்தால் நமக்குத் தெரிந்த புள்ளிகள் வந்துவிடும். பதிவேட்டில் 47 பவுண்டு என்றிருந்தால், 47ஐ 0.36ஆல் வகுக்க 130.5 வரும், அதாவது 1130. இந்த ஒரு வகுத்தல் தெரிந்தால் 19ஆம் நூற்றாண்டின் எந்த ஆங்கிலப் பதிவேட்டையும் பாதி படித்துவிட்டதாகக் கொள்ளலாம். ஆனால் காலன் என்ற அளவு 1824இல்தான் இன்றைய பிரிட்டிஷ் காலனாக, அதாவது 4.546 லிட்டராக, நிலைப்படுத்தப்பட்டது. அதற்கு முந்தைய பதிவேடாக இருந்தால் எந்தக் காலன், எந்தப் பீப்பாய் என்று சரிபார்க்காமல் கணக்கிடக் கூடாது.

ஹாப் பூவின் அளவும் இப்படித்தான் மறைந்திருக்கும். மால்ட்டை அவர்கள் குவார்ட்டர் என்ற அளவில் எண்ணினார்கள். ஒரு குவார்ட்டர் மால்ட்டின் எடை 336 பவுண்டு. குவார்ட்டருக்கு இத்தனை பவுண்டு ஹாப் என்று குறிப்பு இருக்கும். குவார்ட்டருக்கு 1 பவுண்டு என்பது கிலோ மால்ட்டுக்கு 3 கிராம் என்று மாற்றிக்கொண்டால் போதும். வித்தியாசம் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. எனினும் அந்த எண்ணை அப்படியே பின்பற்றச் சொல்ல மாட்டேன். அக்கால ஹாப் குளிர்ப்பெட்டியும் காற்றுப்புகா உறையும் இல்லாமல் மூட்டைகளில் மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில் கிடந்தது. அதன் கசப்பு நாளடைவில் குறைந்துகொண்டே வந்தது. இன்று உறையிலிருந்து எடுக்கும் புதிய ஹாப்பை அதே எடையில் போட்டால் ஏல் கஷாயமாகிவிடும்.

இன்னொரு கருத்தையும் புரிந்துகொள்ள வேண்டும். மால்ட்டை ஊறவைத்து முதலில் வடிக்கும் சாறு மிக அடர்த்தியானது. அதே மால்ட்டின்மேல் மறுபடி வெந்நீர் ஊற்றி வடித்தால் நீர்த்த சாறு வரும். இங்கிலாந்தின் பீர் ஆலைகளில் இந்தச் சாறுகளைத் தனித்தனியாகவோ வேண்டிய விகிதத்தில் கலந்தோ, ஒரே நாளில் ஒரே மால்ட்டிலிருந்து இரண்டு மூன்று வகை பீர்களை எடுத்தார்கள். இந்த முறைக்குப் பார்ட்டி-கைல் என்று பெயர். 1880ஆம் ஆண்டு வரை வரி மால்ட்டின்மேல் விதிக்கப்பட்டிருந்ததால், வாங்கிய மால்ட்டில் ஒரு துளிச் சர்க்கரையையும் வீணாக்க அவர்களுக்கு மனம் வராது. 1880இல் பிரதமர் கிளாட்ஸ்டன் அந்த வரியை நீக்கி வோர்ட்டின் அடர்த்தியின்மேல் வரி விதித்தார். அடர்த்தியே காசாக மாறிய பிறகு, ஸ்ட்ராங் ஏலுக்கு அது நல்ல செய்தியாக இருக்கவில்லை.

பர்ட்டனுக்கு இத்தகைய இனிப்பான கடும் ஏல் புதிதல்ல. 18ஆம் நூற்றாண்டில் அந்நகரத்து ஏல் டிரெண்ட் ஆற்றில் படகேறி, ஹல் துறைமுகம் வழியாகப் பால்டிக் கடலைக் கடந்து ரஷ்யா வரை விற்பனையானது. நெப்போலியனின் வணிகத் தடையும், 1822ஆம் ஆண்டு ரஷ்யா விதித்த சுங்கமும் அந்தச் சந்தையை மூடின. அதன் பிறகே பர்ட்டன் ஆலைகள் இந்தியாவை நோக்கித் திரும்பி, கசப்பும் உலர்ந்த சுவையும் கொண்ட வெளிறிய ஏலில் பெயர் பெற்றன. அந்த வகையில் ஆர்க்டிக் ஏலை ஒரு புதுமை என்பதைவிட, கைவிடப்பட்ட பழைய பால்டிக் ஏலின் கடைசி வாரிசு என்று கருதவே எனக்குத் தோன்றுகிறது.

சமையலறையில் தொடங்க 10 லிட்டர் போதுமானது. இதற்கு 8 கிலோ வெளிறிய மால்ட் வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் பெரும்பகுதி விளைந்த பார்லி செவாலியே என்ற வகை. வழக்கொழிந்துபோன அதை நார்விச் நகரத்து ஜான் இன்னெஸ் மையத்தின் முயற்சி மீட்டெடுத்தது, அதன் மால்ட் இப்போது குறைந்த அளவில் விற்பனைக்கும் வருகிறது. கிடைத்தால் அதையே வாங்கலாம்; கிடைக்காவிட்டால் மாரிஸ் ஆட்டர் மால்ட் நல்ல மாற்று. கருக வறுத்த மால்ட்டோ கேரமல் மால்ட்டோ சேர்க்க வேண்டாம். பழைய ஏலின் பழுப்பு நிறம் அவற்றால் வந்திருக்கும் என்று பலர் எண்ணிச் சேர்க்கிறார்கள். அந்த நிறம் நீண்ட கொதியிலும் அடர்த்தியிலும் தானே வந்துவிடும்.

20 லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி ஜிப்சம் கலந்துகொள்ளுங்கள். பர்ட்டன் நகரத்துக் கிணறுகள் ஜிப்சப் பாறைகளின் ஊடாக ஊறியவை. அங்கே கால்சியமும் சல்ஃபேட்டும் மிக அதிகம். இனிப்பான ஏலுக்கு அந்த முழு அளவும் தேவையில்லை. இந்தத் தண்ணீரை 74 அல்லது 75 பாகைக்குச் சூடாக்கி, உடைத்த மால்ட்டைக் கட்டி விழாமல் கிளறிச் சேர்த்தால் கலவை 67 பாகைக்கு அருகில் வந்து நிற்கும். மால்ட்டும் தண்ணீரும் சேர்ந்து 25 லிட்டருக்கு மேல் இடம் பிடிக்கும் என்பதால் 30 லிட்டர் பாத்திரம் அவசியம். கம்பளியால் போர்த்தி ஒன்றரை மணி நேரம் விட்டுவிட்டு, பிறகு மெதுவாக வடிக்க வேண்டும். 14 முதல் 15 லிட்டர் வரை, 1085க்கும் 1090க்கும் இடைப்பட்ட அடர்த்தியில் சாறு வரும். மீதியை மால்ட் உறிஞ்சிக்கொண்டிருக்கும். இரண்டு லிட்டர் வெந்நீரை மேலே தெளித்து அதையும் வடித்துக்கொள்ளலாம். அதற்கு மேல் ஊற்றினால் அடர்த்தி நீர்த்துப்போகும்.

இந்தச் சாற்றைக் கொதிக்கவைத்து 10 லிட்டராக வற்றவைக்க வேண்டும். வீட்டு அடுப்பில் மணிக்கு இரண்டு லிட்டர் போல வற்றும் என்பதால் மூன்று மணி நேரத்துக்குக் குறையாமல் ஆகும். முதல் மணி நேரத்தில் பொன்னிறமாக இருக்கும் சாறு, கடைசியில் செம்பழுப்பாக மாறி, மேலே எழும் குமிழிகள் சிறுத்துக் கனத்து மெதுவாக உடையத் தொடங்கும். அந்த நிலையில் அடிபிடிக்காமல் கவனித்துக்கொள்ள வேண்டும். கொதி முடிய ஒன்றரை மணி நேரம் இருக்கும்போது 80 கிராம், அரை மணி நேரம் இருக்கும்போது 40 கிராம் என்று கோல்டிங் வகை ஹாப்பைச் சேர்க்கலாம். கென்ட் மாவட்டத்தின் இந்த ஹாப் 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பெயர் பெற்றிருந்ததால் காலத்துக்கும் பொருந்துகிறது. 120 கிராம் என்பது கிலோ மால்ட்டுக்கு 15 கிராம். இன்றைய சாதாரண பீருக்கு இது மிக அதிகம். 1040இல் நிற்கப்போகும் இனிப்புக்கு எதிரே இந்தக் கசப்பு வேண்டும்.

வற்றிய சாற்றை 20 பாகைக்கு ஆறவைத்துத் திரவமானியால் அளந்து பாருங்கள். பல வீட்டுத் திரவமானிகளில் எண்கள் 1100க்கு அருகிலேயே முடிந்துவிடும். அப்போது மாதிரியோடு அதே கன அளவு தண்ணீர் கலந்து அளந்து, வரும் புள்ளிகளை இரட்டிப்பாக்கினால் போதும்: 1065 காட்டினால் உண்மை அடர்த்தி 1130. சூடாக இருக்கும்போது அளந்தால் எண் குறைவாகக் காட்டும். 1120 வந்தாலும் கவலை வேண்டாம். ஆலைகளிலும் ஒவ்வொரு காய்ச்சலும் சில புள்ளிகள் முன்பின் இருந்தே வந்திருக்கின்றன.

மிஞ்சிய மால்ட்டை எறிந்துவிடாதீர்கள். அதன்மேல் 10 லிட்டர் வெந்நீர் ஊற்றி அரை மணி நேரம் கழித்து வடித்தால் 1035ஐ ஒட்டிய சாறு கிடைக்கும். அதைச் சிறிது ஹாப்போடு ஒரு மணி நேரம் கொதிக்கவைத்துத் தனியாக நொதிக்கவிட்டால், ஆலைக்காரர்கள் செய்ததுபோலவே ஒரே மால்ட்டிலிருந்து மென்மையான இரண்டாவது ஏலும் கைக்கு வந்துவிடும்.

அடர்த்தியான சாறு ஈஸ்ட்டுக்குக் கொடுமையான இடம். சர்க்கரையின் அழுத்தம் அதன் உயிரணுவிலிருந்து நீரை வெளியே இழுக்கிறது. பின்னர் பெருகும் சாராயம் அதைத் தளரவைக்கிறது. ஆகவே 11 கிராம் ஏல் ஈஸ்ட் பொட்டலம் ஒன்று போதாது, இரண்டு அல்லது மூன்று வேண்டும். ஈஸ்ட் சேர்ப்பதற்கு முன் சாற்றை நன்றாகக் குலுக்கியும் ஆற்றியும் காற்று கலக்கச் செய்வது அவசியம். 12 மணி நேரத்துக்குப் பிறகு ஒருமுறை மறுபடியும் செய்யலாம். அதன் பின் காற்றுப் படவே கூடாது. சூடு 18 பாகைக்குமேல் போகாமல் முதல் நான்கைந்து நாள்களைக் கடத்திவிட்டால், மதுவின் எரிச்சலும் நகப்பூச்சு போன்ற நெடியும் வராது. நுரை பொங்கி வழியும் என்பதால் பாத்திரத்தில் மூன்றில் ஒரு பங்கு இடம் விட வேண்டும். சாறு தொடும் ஒவ்வொரு பொருளும் கிருமிநீக்கம் செய்யப்பட்டிருக்க வேண்டும் என்பதைத் தனியே சொல்லத் தேவையில்லை.

இரண்டு மூன்று வாரங்களில் அடர்த்தி 1040 அருகே வந்து மெதுவாகும். 1060இலேயே நின்றுவிட்டால், பாத்திரத்தை 21 பாகைக்குக் கொண்டுவந்து, வேறொரு மென்பீரில் துடிப்பாக வேலை செய்துகொண்டிருக்கும் ஈஸ்ட்டைக் கொஞ்சம் சேர்ப்பது உதவும். இந்தக் கட்டத்தில் ஒளிவிலகலைக் கொண்டு அளக்கும் கருவியை அப்படியே நம்பக் கூடாது; சாராயம் கலந்த திரவத்தில் திருத்தம் செய்யாத அதன் எண் உண்மையைவிட அதிகமாக இருக்கும்.

பிறகு வருவது காத்திருப்பு. பழைய ஏல்கள் ஓர் ஆண்டுக்கு மேலும் ஓக் பீப்பாய்களில் கிடந்தன. அந்த மரத்தின் நுண்துளைகளில் வாழ்ந்த இன்னொரு ஈஸ்ட், முதல் ஈஸ்ட் உண்ணாமல் விட்டதை மெல்ல மெல்ல உண்டு, பதனிட்ட தோலும் பழமும் கலந்த ஒரு மணத்தைக் கொடுத்தது. கோபன்ஹேகன் நகரத்துக் கார்ல்ஸ்பெர்க் ஆலையின் ஆய்வாளர் நீல்ஸ் ஹெல்டே கிளாசன் ஆங்கில ஏல்களில் அதைக் கண்டறிந்து, 1904ஆம் ஆண்டு பிரெட்டனோமைசிஸ் என்று பெயரிட்டு அறிவித்தார். அதுவே இன்று குப்பிகளில் விற்கிறது. முதன்முறை காய்ச்சுபவர் அதைச் சேர்க்க வேண்டாம் என்பது என் கருத்து. அது இறுதி அடர்த்தியை மாதக்கணக்கில் இறக்கிக்கொண்டே போகும். அவசரப்பட்டுப் புட்டியில் அடைத்தால் அழுத்தம் பெருகிப் புட்டி வெடிக்கும். அது இல்லாமலே, காற்றிடம் இல்லாமல் கழுத்து வரை நிரப்பிய கண்ணாடிக் குடுவையில் ஆறு மாதம் வைத்தால் ஏல் தெளிந்து, கசப்பும் சாராயக் காரமும் ஒன்றோடொன்று இணங்கத் தொடங்கும்.

புட்டியில் அடைக்குமுன், ஒரு மாத இடைவெளியில் எடுத்த இரண்டு அளவுகளும் ஒன்றாக இருக்கின்றனவா என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். இவ்வளவு நாள் களைத்துப்போன ஈஸ்ட் வாயுவை உண்டாக்காது; ஆகவே 10 லிட்டருக்கு 40 கிராம் சர்க்கரையோடு, சாராயத்தைத் தாங்கும் ஷாம்பெய்ன் ஈஸ்ட் இரண்டு கிராம் சேர்த்து, தடித்த கண்ணாடியுள்ள சிறு புட்டிகளில் அடைப்பது பாதுகாப்பு. 330 மில்லி புட்டிகளில் 25க்கு மேல் தேறும். அவற்றை வெளிச்சம் படாமல், 12 முதல் 14 பாகையில் நிமிர்த்தி வைக்க வேண்டும். மூன்று மாதத்தில் முதல் புட்டியைத் திறந்து பார்க்கலாம். நல்ல சுவை ஓராண்டுக்குப் பிறகே வரும். 12 விழுக்காடு சாராயம் ஒயினுக்கு இணையானது என்பதால் இதை பீர் கோப்பையில் ஊற்றக் கூடாது. 100 மில்லி அளவுக்குச் சிறு கண்ணாடிக் குவளையில், அதிகம் குளிரவைக்காமல் ஊற்றிப் பருகுவதே முறை. இப்படி ஊற்றினால் ஒரு புட்டி மூன்று பேருக்கு வரும்.